மாண்டவர் சாட்சியம்

கொலை வழக்கொன்று மன்றத்திற்கு வருமாயின் காவலர் பேசுவர், மருத்துவர் பேசுவார், கண்டோரும் கேட்டோரும் பேசுவர், குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் வழக்கறிஞர் வாயிலாகப் பேசுவார். எவர் பொருட்டு மன்றம் கூடியதோ அவர் மட்டும் பேசுவதில்லை. கொலையுண்டவரின் இந்த மௌனமே குற்றக் கதைகள் அனைத்திற்கும் ஊற்றுக்கண்ணாகும். இம்மௌனத்தைக் கலைக்க இலக்கியம் இரண்டு வழிகளைக் கண்டது. தடயங்களைப் பேசவைப்பது ஒரு வழி; அது துப்பறியும் கதையாயிற்று. மாண்டவரையே வரவழைப்பது மற்றொரு வழி, அது ஆவிக்கதையாயிற்று. சிறுகதை என்னும் குறுகிய களத்தில் இவ்விரு வழிகளும் கலந்தும் பிரிந்தும் வந்த வரலாறு மாணவர் அறிந்து கொள்ளத்தக்கதாகும்.

கனவு காட்டிய இடம்

கற்பனைக்கு முன்னோடியாக உண்மை நிகழ்ச்சியொன்று இருந்தது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துப் போல்ஸ்டெட் என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு மரியா மார்ட்டன் என்ற இளம்பெண், தன் காதலன் வில்லியம் கார்டரைச் சந்திக்கச் சென்றவள் வீடு திரும்பவில்லை. அவள் தன்னுடன் நலமாக இருப்பதாகக் கார்டர் அவள் பெற்றோருக்கு எழுதி வந்தான். சிவப்புக் களஞ்சியம் எனப்பட்ட தானியக் கொட்டகையில் அவள் புதைக்கப்பட்டிருப்பதாகத் தாம் கனவு கண்டதாக மரியாவின் சிற்றன்னை கூறினார். 1828 ஏப்ரலில் தந்தை அவ்விடத்தை அகழ்ந்தபோது உடல் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கார்டர் தூக்கிலிடப்பட்டான்.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. கனவு இடத்தைக் காட்டியது; ஆயினும் தண்டனைக்குக் கனவு போதவில்லை. உடலின் கழுத்தில் இருந்த கார்டரின் கைக்குட்டை போன்ற தடயங்களே வழக்கிற்குத் துணைநின்றன. அது மெய்யாகவே கனவா, நெஞ்சில் முன்னரே எழுந்திருந்த ஐயம் கனவுருக் கொண்டதா என்ற வினாவோ இன்றளவும் ஓயவில்லை. இந்நிகழ்ச்சி நாடகமாகவும் கதைப்பாடலாகவும் ஊர்தோறும் பரவியதற்கு அவ்வினாவும் ஒரு காரணம் எனலாம்.

போ இட்ட அடித்தளம்

அமெரிக்க எழுத்தாளரான எட்கர் ஆலன் போ (1809–1849) இரண்டு வழிகளுக்கும் தந்தையாவார். 1841இல் அவர் வெளியிட்ட ரூ மார்க் கொலைகள் பற்றிய கதை, துப்பறியும் சிறுகதையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பூட்டிய அறையில் நிகழ்ந்த கொடுமையைப் பேயின் செயலெனக் கருதாது அறிவால் ஆராய்ந்து விடை காண்கிறான் அதன் நாயகன் டூபான். இரண்டே ஆண்டுகளில், 1843இல், அதே கை வேறொரு கதையை எழுதியது. முதியவரொருவரைக் கொன்று தரைப்பலகையின் கீழ் மறைத்தவன், காவலர் முன்னிலையில் அம்முதியவரின் இதயத் துடிப்பைக் கேட்கிறான். அவ்வொலி வளர வளரத் தாங்கமாட்டாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஒலித்தது மாண்டவர் நெஞ்சமா, கொன்றவன் நெஞ்சமா? போ விடை கூறவில்லை. அங்ஙனம் கூறாமையே கதையின் ஆற்றல்.

ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதையே ஒருமைப்பட்ட உணர்வை உண்டாக்கும் என்பதும் 1842இல் போ வலியுறுத்திய கொள்கையாகும். அச்சமும் ஐயமும் நெடுநேரம் நில்லா. பகல் வந்ததும் பேய் கலைவது போல, நீட்டினால் அவை நீர்த்துப்போகும். இத்தகைய கதைகள் சிறுகதை வடிவில் செழித்ததற்கு இதுவே காரணம்.

பதின்மூன்றாவது ஜூரி

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1865ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் எழுதிய கொலை விசாரணைக் கதை இவ்வகையின் சிறந்த சான்றாகும். மலேசியாவில் 1995இல் நீக்கப்பட்ட ஜூரி முறையை அறியாத இன்றைய மாணவர்க்கு, பொதுமக்களிலிருந்து தேர்ந்த பன்னிருவர் கூடிக் குற்றவாளியா அன்றா என்று முடிவு கூறும் முறை அது என்று விளக்குதல் வேண்டும். கதை சொல்பவர் அப்பன்னிருவருக்குத் தலைவராகிறார். உடனிருப்போரை எண்ணுகிறார், பதின்மூவர் வருகின்றனர். அருகிலிருப்பவரை எண்ணச் சொல்கிறார். அவரும் பதின்மூன்று என்று சொல்லத் தொடங்கி, வியந்து, இல்லை, பன்னிருவரே என்கிறார். தனித்தனியே பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. மொத்தமாக எண்ணினாலோ ஒருவர் மிகுகிறார். மிகுந்த அவர் கொலையுண்டவர்.

அவ்வுருவம் அரிதாகவே பேசுகிறது. இறந்தவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக் கொண்டார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடும்போது, அவர் அருகே நின்று, வலக்கையாலோ இடக்கையாலோ அங்ஙனம் அறுத்துக்கொள்ள இயலாது என்பதைச் சைகையால் காட்டுகிறது. புதிய தடயம் எதனையும் அது தருவதில்லை. மன்றத்தில் ஏற்கெனவே உள்ள சான்றுகளின் பக்கம் நின்று அவற்றிற்கு அழுத்தம் தருகிறது. இறுதியில் கைதி கூறும் செய்தியே நம்மை நடுங்கச் செய்வது. தான் பிடிபடுவதற்கு முன்பு ஓரிரவு, இதே ஜூரித் தலைவர் தன் படுக்கையருகே வந்து தன்னை எழுப்பிக் கழுத்தில் கயிற்றை மாட்டினார் என்கிறான் அவன். நீதி வழங்கியவரே கொலையாளிக்கு ஆவியாகத் தோன்றிவிட்டார்! யார் யாரை அச்சுறுத்தினார் என்ற எல்லைக்கோடு அவ்விடத்தில் அழிந்துவிடுகிறது.

விரட்டப்பட்ட ஆவி

பின்னர்ப் பகுத்தறிவின் காலம் வந்தது. ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ், ஆவிகளுக்குத் தம் அலுவலில் இடமில்லை என்ற உறுதியுடையவர். 1924இல் வெளிவந்த சசெக்ஸ் கதையில் ஒரு தாய் தன் குழந்தையின் கழுத்தில் இரத்தம் உறிஞ்சுவதாகக் கண்டோர் கூறுகின்றனர். இரத்தக் காட்டேரி என்று வீடே அஞ்சுகிறது. பொறாமை கொண்ட மூத்தாள் மகன் நச்சு முனையால் குழந்தையைக் குத்தியதையும், தாய் அந்நஞ்சையே உறிஞ்சி எடுத்ததையும் ஹோம்ஸ் வெளிப்படுத்துகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழிக்கு இதனினும் நல்ல விளக்கம் அரிது. பேய் எனப்பட்டது தாயன்பு. பேய் இருந்த இடமோ ஒரு சிறுவனின் பொறாமை நெஞ்சம்.

இதில் வியப்பு யாதெனில், கதையாசிரியரே ஆவியுலக நம்பிக்கையை 1916 முதல் வெளிப்படையாகப் பரப்பியவர். 1922இல் தேவதைகள் உண்டென நூலெழுதியவர். எனினும் தம் நம்பிக்கையை அவர் ஹோம்ஸ் மீது திணிக்கவில்லை. பாத்திரத்தின் அறிவு நேர்மையைக் காத்த அக்கட்டுப்பாடு எழுத்தாளர் யாவர்க்கும் பாடமாகும்.

1929இல் பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ், துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். இயற்கை கடந்த ஆற்றலை அறவே விலக்குக என்பது அவற்றுள் ஒன்று. கடவுள் நம்பிக்கையுடையவரே இவ்விதியை வகுத்தார் என்பது கருதத்தக்கது. இங்கு வினா நம்பிக்கை பற்றியதன்று, நேர்மை பற்றியது. ஆசிரியர் கண்ட தடயம் அனைத்தும் வாசகர்க்கும் கிட்ட வேண்டும். ஆவி வந்து விடை கூறுமாயின் வாசகர் வஞ்சிக்கப்படுகிறார்.

மாண்டவரும் பொய் சொல்வரோ?

இதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1922இல், கீழ்த்திசையிலிருந்து ஒரு புதிய வினா எழுந்துவிட்டது. ஜப்பானிய எழுத்தாளர் அகுத்தாகாவா ரியுனோசுகே, தோப்பொன்றில் நிகழ்ந்த சாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். எழுவர் வாக்குமூலங்களே அக்கதை. கொள்ளையன், நானே கொன்றேன் என்கிறான். மனைவி, நானே குத்தினேன் என்கிறாள். இறந்த சாமுராயின் ஆவி குறிசொல்பவள் வாயிலாக வந்து, என்னை நானே மாய்த்துக்கொண்டேன் என்கிறது. மூவரும் பழியை மறுக்கவில்லை, தாங்கிக்கொள்ளவே போட்டியிடுகின்றனர். இக்கதை அகிரா குரோசாவாவின் 1950ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கும் அடிப்படையாயிற்று.

மாண்டவர் வந்து பேசினால் உண்மை விளங்கும் என்பது பழைய நம்பிக்கை. அகுத்தாகாவா அவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். அவர் சொல்லும் பல சொற்களுள் ஒன்றாகவே நின்றது. தன்மானமும் மனக்காயமும் சாவுக்குப் பின்னரும் மனிதனை விடுவதில்லை என்பது அக்கதை தரும் துயர உண்மை.

கற்போர் கருத்துக்கு

இவ்வரலாற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நல்ல கதையில் அமானுடம் குற்றத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை; குற்றத்தின் கனத்தை உணர்த்துகிறது. சான்றுகளை அது மாற்றுவதில்லை. அவற்றைப் புறக்கணிக்க இயலாதபடி செய்கிறது. வகுப்பறையில் இத்தகைய கதைகளைப் படிக்கும் மாணவர், பேய் உண்டா இல்லையா என்று வழக்காடுவதைவிட, அப்பேய் யாருடைய மௌனத்திற்காக வந்தது என்று கேட்பாராயின் கதையின் உயிர்நிலையைத் தொட்டவராவர். பன்னிருவர் அமர்ந்த அறையில் பதின்மூன்றாமவராக வந்து நின்றவர் கேட்டது பழிவாங்குதலை அன்று. தம்மையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறே அவர் கேட்டார்.