திங்கட்கிழமைத் தலைவலி: தோல்வழி மருந்தூட்டலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தோலினூடாக மருந்து செலுத்தும் முறையின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், அம்முறையின் இயல்பையும் எல்லையையும் ஆய்வாளருக்கு முன்னரே தம் உடலால் அறிந்திருந்தோர் வெடிமருந்துத் தொழிலாளர் ஆவர்.

1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரெரோ என்னும் இரசாயனவியலாளர் நைத்திரோகிளிசரினைத் தயாரித்தார். அதனைச் சிறிதளவு நாவிலிட்ட அவரைக் கடுந் தலைவலி வருத்திற்று. 1867இல் அல்பிரட் நோபல் டைனமைற்றுக்கு உரிமம் பெற்றபின் அதன் உற்பத்தி பெருந்தொழிலாக வளர்ந்தது. அதே பொருள் இதயவலியைத் தணிப்பதை 1879இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் மரல் எடுத்துக்காட்டினார். குருதிக்குழாய்களை விரிக்கும் அதன் இயல்பே தலைவலிக்கும் காரணம், நிவாரணத்துக்கும் காரணம்.

தொழிற்சாலைகளில் அப்பொருள் தோலில் பட்டும் மூச்சுடன் கலந்தும் தொழிலாளரின் குருதியை அடைந்தது. திங்கட்கிழமை தலைவலி தோன்றும். நாட்கள் செல்ல உடல் பழகிவிடும். ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் நீங்கும். மறுநாள் வலி மீளும். இதனைத் தவிர்க்க, விடுமுறையிலும் அப்பொருளில் சிறிதைத் தொப்பியின் உட்பட்டியில் வைத்துக்கொண்டோர் உளர். ஓய்வுநாட்களில் சிலருக்கு இதயவலியும் திடீர் மரணமும் நேர்ந்தமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ ஏடுகளிற் பதிவாயிற்று.

பொறியியலாளர் எதிர்கொண்ட தடை தோலின் மேற்படையாகும். இறந்த கலங்களும் அவற்றிடையே கொழுப்பும் செறிந்த அப்படையின் தடிப்பு ஏறத்தாழ 10 முதல் 20 மைக்குரோமீற்றர் மட்டுமே. எனினும், கொழுப்பிற் கரையவல்ல சிறு மூலக்கூறுகளே அதனை எளிதிற் கடக்கும். 1968இல் கலிபோர்ணியாவில் அல்சா நிறுவனத்தைத் தொடங்கிய அலெகாந்திரோ சபரோனி, மருந்தைக் கடத்துவதோடு அது கடக்கும் வேகத்தையும் ஆளவேண்டும் என்று கருதினார். மருந்துத் தேக்கம், வேகத்தை மட்டுப்படுத்தும் மென்சவ்வு, ஒட்டும் படை என்பன கொண்ட மருந்துப் பிளாஸ்டர் இவ்வாறு உருவாயிற்று. பயணக் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டப்படும் ஸ்கொபொலமீன் பிளாஸ்டர் 1979இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1981இல் நைத்திரோகிளிசரின் பிளாஸ்டர்கள் வந்தன.

இவை 24 மணிநேரமும் சீராக மருந்தூட்டுமாறு அமைக்கப்பட்டன. ஆனால், இடைவிடாது கிடைத்த மருந்துக்கு உடல் பழகிவிடவே, அதன் பயன் குன்றியது. ஆகவே நாள்தோறும் 10 முதல் 12 மணிநேரம் பிளாஸ்டரை அகற்றிவைக்கும் முறை பின்னர் வகுக்கப்பட்டது. தொழிலாளரின் ஞாயிறு ஓய்வு உணர்த்திய உண்மையும் இதுவேயன்றோ!

சவ்வை வகுத்த பொறியியலாளரின் சாதனை இதனாற் குறைந்துவிடாது. எனினும், தொழிலாளரின் நோவு தொழிலின் சிறு இடையூறாகக் கொள்ளப்பட்டதேயன்றி அறிவாகக் கொள்ளப்படவில்லை. அதனைச் செவிமடுத்திருப்பின், நோயாளர் அப்பாடத்தை மீண்டும் தம் உடலாற் கற்க நேர்ந்திராது எனலாம்.