இன்சுலினைக் கண்டறிந்தவர் யார்? டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வகத்தை முன்வைத்து (1921-1923)

இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவர் என்றே நம் பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பிடுகின்றன. ஆனால் 1923ஆம் ஆண்டு நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்ளவுட்டுக்கும் வழங்கப்பட்டது. பேண்டிங் தம் பரிசுத்தொகையில் பாதியைப் பெஸ்டுக்கும், மெக்ளவுட் தம் தொகையில் பாதியைக் காலிப்புக்கும் பகிர்ந்தளித்தனர். பரிசுக் குழு இருவர் என்றதைப் பரிசு பெற்றோரே நால்வர் என்று திருத்தினர் எனலாம். இம்முரணுக்கான காரணத்தை அவ்வாய்வகத்தில் நிகழ்ந்தவற்றினூடாக இக்கட்டுரை ஆராய்கிறது.

கணையத்துள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பு ஒன்று உண்டு என்னும் கருத்து டொராண்டோவில் பிறந்ததன்று. கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு தோன்றுவதை மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகியோர் 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் காட்டியிருந்தனர். அச்சுரப்புக்கு 'இன்சுலின்' என்னும் பெயரையும் 1909இலேயே டி மேயர் முன்மொழிந்துவிட்டார். பெயர் இருந்தது, பொருள்தான் கைக்கு எட்டவில்லை.

அறுவை மருத்துவரான பேண்டிங் 1920 அக்டோபர் 31 அன்று ஓர் எண்ணத்தைக் குறித்துவைத்தார். கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமான நீரைச் சுரக்கும் பகுதி நலிந்துபோகும்; எஞ்சும் திட்டுகளிலிருந்து சிதையாத சுரப்பைப் பெறலாம் என்பது அதன் சாரம். உடலியங்கியல் பேராசிரியர் மெக்ளவுட் தயக்கத்துடனேயே ஆய்வகத்தையும் நாய்களையும், உதவிக்கு மாணவர் பெஸ்டையும் அளித்தார். 1921 மே 17 அன்று பணி தொடங்கியது.

அவ்வெண்ணத்தின் அடிப்படையே பிழையானது என்பது கருதத்தக்கது. புதிய கணையத்தில் புரதத்தைச் செரிக்கும் நொதி செயலற்ற வடிவிலேயே உள்ளது. குடலை அடைந்த பின்னரே அது செயல் பெறுகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபர்ட்ஸ் 1922இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். ஆய்வாளர்களும் 1921 இறுதிக்குள் நாளம் கட்டும் முறையைக் கைவிட்டு, கன்றுக் கருவின் கணையத்துக்கும், பின்னர் ஆல்கஹாலில் ஊறிய மாட்டுக் கணையத்துக்கும் மாறியிருந்தனர். பிழையான கருதுகோள் சரியான கதவைத் தட்டியது என்பதில் வியப்பில்லை. அக்கதவு திறந்த பின்னரும் கருதுகோளையே புகழ்வதுதான் வரலாற்றெழுத்தின் குறை.

1922 சனவரி 11 அன்று, டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குப் பேண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு செலுத்தப்பட்டது. இரத்தச் சர்க்கரை 440இலிருந்து 320 மில்லிகிராமாகக் குறைந்தது. ஆனால் கீட்டோன்கள் குறையவில்லை. ஊசி இட்ட இடத்தில் கட்டியும் தோன்றியது. சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த உயிர்வேதியியலாளர் காலிப், ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி மாசுகளை முதலிலும் இன்சுலினைப் பின்னரும் படியச் செய்யும் வழியைக் கண்டார். சனவரி 23 அன்று அவரது சாறு செலுத்தப்பட்டபோது 520 ஆக இருந்த சர்க்கரை 120 ஆகக் குறைந்தது. சிறுவன் தேறினான். எனில், கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாள் 11ஆ, 23ஆ? என் கருத்தில், மருந்து என்னும் நிலையை இன்சுலின் எய்தியது இரண்டாம் நாளில்தான்.

ஆய்வகத்தினுள் இவ்வினா அன்றே கசப்பாக எழுந்தது. தம் தூய்மையாக்க முறையை வெளியிடக் காலிப் மறுத்தமையால் பேண்டிங்குடன் கைகலப்பு வரை சென்றது. எவரும் தனித்துக் காப்புரிமை கோருவதில்லை என்னும் உடன்படிக்கையில் நால்வரும் சனவரி 25 அன்று கையொப்பமிட்டனர். அவ்வாண்டு வேனிலுக்குள் காலிப்பாலேயே அச்சாற்றை மீண்டும் உருவாக்க இயலாமற்போனது இன்னொரு விந்தை. பின்னர் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு விற்றனர்.

இவ்வாய்வகத்திற்கு வெளியே நிற்பவர் ருமேனிய உடலியங்கியலாளர் பவுலெஸ்கு. கணையச் சாறு நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை அவர் 1921 ஆகஸ்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பேண்டிங்கும் பெஸ்டும் தம் முதற்கட்டுரையில் அதனை மேற்கோள் காட்டினரேனும், அதன் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு பயனற்ற சோதனை போலக் குறித்துவிட்டனர். வேற்றுமொழிக் கட்டுரை ஒன்றைப் பிழைபடப் படித்ததால் ஓர் ஆய்வாளரின் முன்னுரிமை பல பத்தாண்டுகள் மங்கிக் கிடந்தது.

1922 செப்டம்பரில் இன்சுலின் குழுவின் தலைவர் கூடர்ஹாம், கண்டுபிடிப்பின் வரலாற்றைத் தனித்தனியே எழுதித் தருமாறு பேண்டிங், பெஸ்ட், மெக்ளவுட் மூவரையும் கேட்டார். மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மெக்ளவுட் 1928இல் அபர்தீனுக்குத் திரும்பி 1935இல் மறைந்தார். அவரது அறிக்கை அச்சேறியது 1978இல்தான்.