சாந்திநிகேதனத்துக் கலாபவனமும் எமது காமன் பொட்டலும்

வங்காளத்திலே, போல்பூர் என்னும் ஊரை அடுத்த சாந்திநிகேதனத்தில், மரங்களின் நடுவே வெட்டவெளியில் ஒரு சிற்பம் நிற்கின்றது. ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி வழிநடந்து செல்கின்றது. ஆடவனின் தோளிலே காவடித்தண்டு. அதிலே தொங்கும் கூடையில் குழந்தை. பக்கத்திலே சுமையுடன் மனைவி. கூடவே ஒரு நாய். ராம்கிங்கர் பைஜ் என்னும் சிற்பி 1938ஆம் ஆண்டிலே அமைத்த இச்சிற்பத்திற்குச் ‘சந்தால் குடும்பம்’ என்பது பெயர். வெண்கலம் வாங்கப் பணமில்லாத காலம் அது. சீமெந்தையும் அம்மண்ணின் செம்பரற் கற்களையும் கலந்தே அவர் இதனை உருவாக்கினார்.

இதன் படத்தைக் காணும் மலையகத்தவர் எவருக்கும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த எம் முன்னோரின் நினைவு வராமற் போகாது. சந்தால் மக்களும் எம்மைப் போன்றவர்களே. அவர்களுட் பலர் அசாமிலும் வடவங்கத்திலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அரசர்க்கும் தளபதியர்க்கும் சிலை எழுப்பிய நாட்டிலே, மூட்டை சுமந்த ஒரு கூலிக்குடும்பத்திற்கு ஆளுயரத்துக்கும் மேலாய்ச் சிலை எழுப்பத் துணிந்தது ஒரு கலைக்கல்லூரியின் முற்றம். அக்கல்லூரியின் பெயர் கலாபவனம். அது எவ்வாறு தோன்றியது, என்ன கற்பித்தது, அயலிலுள்ள மக்களுக்கு யாது செய்தது என்பவற்றை இம்மலரிலே சிறிது ஆராய விரும்புகின்றோம். அதிலே எமக்கு ஒரு பாடம் உண்டு.

மகாகவி இரவீந்திரநாத் தாகூர் 1901ஆம் ஆண்டிலே, விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கருடன், சாந்திநிகேதனத்திலே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மரநிழலே வகுப்பறை. 1919இல் அங்கே கலாபவனம் தோன்றியது. 1921இல் விசுவபாரதி நிறுவப்பெற்றது. 1922இல், அருகிலுள்ள சுருள் என்னும் கிராமத்தில், லெனாட் எல்ம்ஹேர்ஸ்ட் என்னும் ஆங்கில இளைஞரின் துணையோடு ஸ்ரீநிகேதனம் என்னும் கிராம புனரமைப்பு நிலையம் ஆரம்பமாயிற்று. கலைக்கு ஓர் இல்லமும் கிராமத்திற்கு ஓர் இல்லமும் மூன்றே வருட இடைவெளியில் அண்டை அயலாகத் தோன்றியமை தற்செயலன்று. கலை கிராமத்தை மறந்தால் வெறும் அலங்காரமாகும். கிராமத்தொண்டு கலையை மறந்தால் வறட்டுக் கடமையாகும் என்பதைக் கவி அறிந்திருந்தார்.

கலாபவனத்தின் தலைமையை 1920களின் தொடக்கத்தில் ஏற்று 1951 வரை நடத்தியவர் நந்தலால் போஸ். 1882இல் பீகாரிலே பிறந்த இவர் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். அஜந்தாக் குகையோவியங்களைப் படியெடுத்துப் பயின்றவர். கொழும்பிலே பிறந்த எம்மவர் ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதையின் பணியைத் தொடர்ந்து நிறைவேற்றி 1913இல் வெளியிட்ட இந்து பௌத்த புராணக்கதை நூலுக்குப் படம் வரைந்தோருள் இவரும் ஒருவர். ஆதலின் ஈழத்துக்கும் இவருக்கும் அன்றே ஒரு தொடர்பு உண்டு.

நந்தலாலின் போதனாமுறை புதுமையானது. பரீட்சையின் அச்சம் அங்கே மாணவரை வாட்டவில்லை. இயற்கையை உற்றுநோக்கல், முன்னோர் மரபை அறிதல், தன் சொந்தக் கற்பனையை வளர்த்தல் என்னும் மூன்றையுமே அவர் அடிப்படையாகக் கொண்டார். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாய்க் கூடி வெளியூர்களுக்குச் சென்று, மரத்தடியிலே தங்கி, வண்டிக்காரரையும் சந்தைகளையும் வரைந்துவந்தனர். தொலைவிலுள்ள மாணாக்கருக்கு அவர் தபாலட்டைகளிலே சிறுசிறு சித்திரங்கள் தீட்டி அனுப்புவார். அந்த அட்டைகளே பாடமாயின.

வங்கக் கிராமத்துப் பெண்கள் நோன்பு நாட்களிலே அரிசிமாவைக் கரைத்துத் தரையில் இடும் ஓவியத்திற்கு அல்பனா என்று பெயர். எமது கோலத்தின் உடன்பிறப்பு அது. கலாபவனம் அதனைப் பாடத்திட்டத்திலே சேர்த்தது. சுகுமாரி தேவி என்னும் அம்மையார் அல்பனாவையும் தையல் வேலையையும் அங்கே கற்பித்தார். வீட்டு வாசலிலே பிறந்து வாசலிலேயே மிதிபட்டு அழிந்த ஒரு கலைக்கு ஆசிரியப் பதவி கிடைத்தது! இதனைச் சிறு செய்தி என எண்ணலாகாது.

கற்றதை அயலவர்க்குத் திருப்பிக் கொடுப்பதும் அங்கே பாடத்தின் பகுதியாய் இருந்தது. ஸ்ரீநிகேதனத்திலே நெசவு, தோல்வேலை, மட்பாண்டம், மரவேலை, பத்திக் ஆகிய கைத்தொழில்கள் கிராமத்தவர்க்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றிற்கு வேண்டிய வடிவங்களைக் கலாபவனத்தார் வரைந்துதவினர். 1928இல் ஆரம்பித்த மரநடுகை விழாவுக்கும் ஏர் விழாவுக்கும் அலங்காரம் செய்தவர்கள் கலாபவனத்தாரே. ஏர் விழாவில் கவியரசரே கலப்பையைப் பிடித்தார். அக்காட்சியை நந்தலால் ஸ்ரீநிகேதனத்துச் சுவரிலே தீட்டிவைத்தார். இன்றும் ஆண்டுதோறும் நந்தலாலின் பிறந்தநாளை ஒட்டி, டிசெம்பர் முதல்வாரத்தில், ஆசிரியரும் மாணவரும் தம் கைப்படைப்புக்களைச் சிறுவிலைக்கு விற்று, வரும் பணத்தை மாணவர் நல நிதிக்குச் சேர்க்கும் ‘நந்தன் மேளா’ அங்கே நடைபெறுகின்றது.

ஆயினும், இவை யாவற்றிலும் எம் நெஞ்சைத் தொட்டது ஹரிபுராவின் கதையே. 1938ஆம் ஆண்டு குஜராத்திலுள்ள ஹரிபுராவில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. பந்தலை அலங்கரிக்குமாறு காந்தியடிகள் நந்தலாலை வேண்டினார். மூங்கில், ஓலை முதலிய அவ்வூர்ப் பொருள்களே போதும், ஏழை விவசாயி கண்டு மகிழக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் விருப்பம். நந்தலால் எதை வரைந்தார்? தேவரையும் தலைவரையுமா? மேளமடிப்பவன், செருப்புத் தைப்பவன், தச்சன், நெல் குற்றும் பெண், மல்யுத்தம் செய்வோன் என உழைக்கும் மக்களையே வரைந்தார். அவர் தம் கையால் எண்பதுக்கு மேற்பட்ட படங்களைத் தீட்டினார். மாணவர் படியெடுத்தவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 400 படங்கள் பந்தலெங்கும் தொங்கின. தேசத்தின் மகாசபைக்குள் நுழைந்த தலைவர்கள் அனைவரும் மேளக்காரனையும் சக்கிலியனையும் கடந்தே உள்ளே செல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய துணிவு கலாபவனத்திற்கு எங்கிருந்து வந்தது? அது அரசாங்கத்தின் கையை எதிர்பாராது நின்றமையே காரணம் என்பது எமது எண்ணம். ஓர் உதாரணம் காட்டுவோம். கேரளத்திலே பிறந்த பாலக்காட்டுத் தமிழர் கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியிலே பொருளியல் கற்றவர். விடுதலை இயக்கத்திலே ஈடுபட்டுச் சிறை சென்றமையால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944இல் கலாபவனம் அவருக்கு இடமளித்தது. பிற்காலத்திலே இந்தியாவின் தலைசிறந்த ஓவியருள் ஒருவராகி, அதே கலாபவனத்திற்குப் பேராசிரியராகத் திரும்பினார் அவர்.

இந்தச் சுதந்திரம் இலவசமாய்க் கிடைத்ததன்று. பணமுடை தீராத நோயாய் இருந்தது. நிதி திரட்டுவதற்காகத் தாகூர் தள்ளாத வயதிலும் நாட்டியக் குழுவோடு ஊரூராய்ச் சென்றார். 1936இல் டில்லியிலே அவரைக் கண்ட காந்தியடிகள், எழுபத்தைந்து வயதில் இப்படி அலையலாகாது என மனம் நொந்து, 60,000 ரூபாவைப் பெற்றுக்கொடுத்தார். 1951இல் விசுவபாரதி மத்திய அரசாங்கப் பல்கலைக்கழகமாயிற்று. 2023இல் சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெருமைதான். எனினும், ‘சந்தால் குடும்பம்’ எழுந்தது பல்கலைக்கழகப் பட்டயத்தின் கீழன்று, பசித்த காலத்திலே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குறையையும் கூறுவோம். ஸ்ரீநிகேதனத்துத் தோற்பைகளும் பத்திக் துணிகளும் நாளடைவில் பட்டணத்துச் சீமாட்டிகளின் விருப்பப் பொருள்களாயின. கிராமத்தின் வறுமை அதனால் முற்றாய் நீங்கிவிடவில்லை. சந்தால் மக்களைச் சித்திரித்தோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களே. ஆனால் ராம்கிங்கர் தாமே பாங்குராவில் ஓர் ஏழை நாவிதர் குடும்பத்திலே பிறந்தவர். அதனாலன்றோ அவர் செய்த கூலிக்காரன் தலைகுனிந்து நிற்கவில்லை!

தாகூர் மும்முறை இலங்கைக்கு வந்தார். 1934இல் அவர் வந்தபோது ஹொரணையிலே, வில்மட் பெரேரா என்னும் பெருந்தகை தொடங்கிய ஸ்ரீபாலி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவ்விடம் இன்று பாடசாலையாயும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயும் விளங்குகின்றது. எமது நாட்டின் தேசிய கீதத்தை யாத்த ஆனந்த சமரக்கோனும் சாந்திநிகேதனத்திலே பயின்றவர். அந்தக் கவியின் விதை மேல்மாகாணத்திலே முளைத்தது, மலையேறி வரவில்லை. எம் தோட்டத்துப் பிள்ளைகள் சித்திரமும் சிற்பமும் உயர்நிலையிற் கற்பதற்கு இன்றும் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருக்கின்றது.

மிஷன் பாடசாலையிலே படித்த எமக்குச் சித்திர வகுப்பிலே பூச்சாடியும் அப்பிள் பழமும் வரையப் பழக்கினார்கள். கையைத் திருத்தியமைக்கு அவ்வாசிரியர்களுக்கு என்றும் நன்றியுடையோம். ஆயினும் பீலிக்கரையிலே குடத்துடன் நிற்கும் பெண்ணையோ, பெரட்டுக்களத்திலே மழையில் நனையும் தாயையோ வரையலாம் என்பது எமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கொழுந்து பறிக்கும் எம் தாய்மாரின் படம் தேயிலைப் பெட்டிகளிலே உலகெங்கும் சென்றது. அந்தப் படத்திலே அவர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கின்றார்கள்! அட்டை கடித்த காலும் படங்குச் சாக்கும் அதிலே வருவதில்லை. எம்மைப் பிறர் வரைந்தார்கள். நாம் எம்மை இன்னும் போதிய அளவு வரையவில்லை.

இதற்குக் கலாபவனம் போன்ற கட்டடம் எழும்பும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்றே கருதுகின்றோம். மாசி மாதத்திலே எம் தோட்டங்களிற் காமன் கூத்து நடக்கும் பொட்டலைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே கூத்துப் பழக்கும் வாத்தியார் உண்டு, ரதி மன்மதனுக்கு வேடம் புனைவோர் உண்டு, காகிதத்தாலும் மூங்கிலாலும் முடி செய்யும் கைவினைஞர் உண்டு, தப்பிசை உண்டு, லாவணி வாதம் உண்டு. செலவைத் தோட்டத்தாரே பங்கிட்டுக்கொள்வர். எந்த அரசாங்கமும், எந்தத் துரையும் நடத்திக்கொடுக்காத சுதந்திரக் கலைக்கல்லூரி அதுவன்றோ? அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே வந்தவை. அந்த வாத்தியார்மார் முதுமையடைகின்றனர். அவர்களிடம் கற்க வேண்டிய நாம் கைத்தொலைபேசியிலே குனிந்திருக்கின்றோம்.

இன்னுமொன்று சொல்லத் துணிகின்றோம், பெரியோர் பொறுத்தருள்க. தேர்த்திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் தப்படிப்போரை அழைக்கின்றோம். அவர் அடித்து முடித்தபின் அவருக்கு எங்கே ஆசனம் இடுகின்றோம்? மேடையிலா, வேலியோரத்திலா? ஹரிபுராவிலே மேளக்காரனின் உருவம் பந்தலில் எல்லோரும் காணத் தொங்கியது. இந்து வாலிபர் என்று நெஞ்சு நிமிர்த்தும் நாம், எம் மேளக்காரரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கலைவிழா நடத்துவோமாயின், அது கலையுமன்று, சமயமுமன்று.

ஆகவே எம் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். சங்க மண்டபத்தின் வெறுஞ்சுவர் ஒன்றைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். 2023இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நினைவுநடை நடந்தவர்கள் கால்களால் எழுதிய வரலாற்றை அவர்கள் வர்ணத்தால் எழுதட்டும். எம் தாய்மாரிடம் சென்று அவர்கள் அறிந்த கோலங்களை ஒரு கொப்பியிலே வரைந்து சேர்ப்போம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலே பயிலும் வருங்கால ஆசிரியர்களையும் இதிலே துணைசேருமாறு கேட்போம். காமன் கூத்து வாத்தியார் ஒருவரையும் தப்பிசைக் கலைஞர் ஒருவரையும் அடுத்த ஆண்டுவிழாவிலே முன்வரிசையில் அமர்த்தி, மாலையிட்டு, மாணவராய் அவர்முன் உட்காருவோம்.

கலாபவனத்திலே பினோத் பிஹாரி முகர்ஜி என்றொரு ஓவியர் இருந்தார். நடுவயதிலே கண்ணொளி முற்றாய் இழந்தார். அதன் பின்னரும் காகிதத்தை வெட்டியும், ஓடுகளை விரலால் தடவியும், ஒரு சுவர் முழுவதையும் ஓவியமாக்கினார். கண்ணிழந்த அவருக்கே அது கைகூடியதென்றால், இரு கண்ணும் இளமையும் உடைய எமக்குக் கொட்டகலையின் ஒரு சுவர் கைகூடாதா?

கைகூடும். மாசி பிறக்கட்டும், பொட்டலிலே சந்திப்போம்.