திறவுகோல் ஒலியே!

எழுத்தறிந்தவன் தானே படித்துத் தெளிகிறான். அறியாதவனோ பிறர் படித்துச் சொல்வதை நம்பிக் கிடக்கிறான். 'ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது' என்று ஒருவர் கூறினால் அவன் தலையாட்ட வேண்டும். 'பத்திரத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது' என்று இன்னொருவர் கூறினால் அவன் கட்டைவிரலை நீட்ட வேண்டும். ஆகவே, ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்பது பள்ளிக்கூடச் சுவர்களுக்குள் அடங்கிவிடும் சிறு பிரச்சினை அன்று. சிந்திக்கும் உரிமையின் வாயிற்படி அது. அந்த வாயிலைத் திறக்கும் திறவுகோல் எது என்பது பற்றி மேனாட்டார் ஏறக்குறைய 500 ஆண்டுகள் வாதிட்டிருக்கின்றனர். அந்த வரலாற்றை நாம் அறிய வேண்டும்.

வழக்கின் பொருள் இதுதான்: எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. ஆங்கிலத்தில் 'பென்' என்னும் சொல்லில் உள்ள மூன்று எழுத்துக்களின் பெயர்கள் 'பீ, ஈ, என்'. இந்தப் பெயர்களை நூறு முறை ஓதினாலும் 'பென்' பிறக்குமா? பிறக்காது. 'ப், எ, ன்' என்று ஒலிகளைக் கூட்டினாலோ, சொல் தானே பிறக்கும். பெயரை ஓதி மனப்பாடம் செய்விப்பது பழைய முறை. ஒலியை உணர்த்திக் கூட்டிப் படிக்கச் செய்வது ஒலிமுறை.

ஜெர்மனியில் வாலண்டின் இக்கெல்சாமர் என்னும் ஆசிரியர் 1527 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மிக விரைவில் படிக்கக் கற்பதற்குச் சரியான வழி என்பதே அந்நூற் பெயரின் பொருள். உழவர் எழுச்சி இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. குருமார் உரைப்பதே முடிவு என்றிருந்த மக்கள், தாய்மொழியில் வந்துவிட்ட வேதநூலைத் தாமே படிக்க விழைந்த காலம். ஒவ்வொருவரும் தாமே படித்துத் தாமே தீர்ப்புக் கூறலாம் என்பதால், படிப்பறிவு முன்னெப்போதையும்விடப் பயனுள்ளதாயிற்று என்றார் அவர். பின்னர் எழுதிய இலக்கண நூலில், 'ஃப்' என்பது ஈர விறகு நெருப்பில் சீறும் ஒலி போன்றது என்றும், 'ர்' என்பது சினங்கொண்ட நாய் பல்லைக் காட்டி உறுமும் ஒலி போன்றது என்றும் விளக்கினார். அடுப்படியும் தெருவும் அவருக்குப் பாடநூல்களாயின. உழவன் மகனுக்கு இதைவிட எளிய பாடம் ஏது?

இங்கிலாந்தில் ஜான் ஹார்ட் என்பவர் 1570 இல் வெளியிட்ட வாசிப்பு நூல், கல்லாதார் அனைவர்க்கும் உரியது என்று தலைப்பிலேயே பறைசாற்றியது. பிரான்சில் கணித மேதை பாஸ்கல், மெய்யெழுத்துக்களைப் பெயரால் அல்லாமல் ஒலியால் கற்பிக்கும் முறையை வகுத்தார். அவருடைய தங்கை ஜாக்குலின் 1655 இல் அது பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். போர் ராயல் அறிஞர்கள் 1660 இல் வெளியிட்ட இலக்கணத்தில் அம்முறை இடம்பெற்றது. அதே ஆண்டில் அவர்களுடைய பள்ளிகள் மூடப்பட்டன! பிரஷ்ய அரசு, எழுத்தின் பெயரைக் கூட்டி ஓதும் முறையைத் தன் பள்ளிகளிலிருந்து 1872 இல்தான் விலக்கியது. இக்கெல்சாமரின் நூலுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 345 ஆண்டுகள்! பழக்கம் என்னும் பாறை அத்துணைக் கடியது.

அமெரிக்காவிலோ வழக்கு வேறு திசையில் திரும்பியது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விச் செயலாளர் ஹொரேஸ் மன், 1843 இல் ஐரோப்பியப் பள்ளிகளைக் கண்டு திரும்பியவர். பொருளற்ற எழுத்துக்களை உருப்போடச் செய்வது பிஞ்சு உள்ளத்தை வாட்டும்; முழுச் சொல்லையே முதலில் காட்டுவோம் என்றார். அவர் உள்ளம் கருணை உள்ளம், ஐயமில்லை. பாஸ்டன் நகர ஆசிரியர்கள் 31 பேர் 1844 இல் மறுப்பு நூல் வெளியிட்டனர். எனினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முழுச்சொல் முறையே கோலோச்சிற்று. 1930 முதல் பரவிய 'டிக்', 'ஜேன்' பாடநூல்களில் அழகிய படங்கள் இருந்தன. ஒரு சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. படத்தைப் பார், சொல்லின் உருவைப் பார், ஊகித்துச் சொல் என்பதே பாடம். கண்ட சொல்லைக் குழந்தை சொல்லிற்று. காணாத சொல்லின் முன்னே வாயடைத்து நின்றது.

ருடால்ஃப் ஃபிளெஷ் 1955 இல் வெளியிட்ட நூல், ஜானிக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை என்று கேட்டு நாட்டையே உலுக்கியது. பேராசிரியை ஜீன் சால் அரை நூற்றாண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆய்ந்து, தொடக்கத்திலேயே ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிப்பது மேல் என்று 1967 இல் முடிவு கூறினார். அதே 1967 இல் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஊக விளையாட்டே என்று எழுதினார். ஊகம் கவர்ச்சியாக இருந்தது. பல்லாயிரம் வகுப்பறைகளை அது ஆண்டது.

இதனால் கெட்டவர் யார்? வசதி படைத்த வீட்டுப் பிள்ளையைத் தாய் மடியில் இருத்தி எழுத்தைக் கூட்டிக் காட்டுவாள். பள்ளி தராத திறவுகோல் வீட்டில் கிடைத்துவிடும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூலிக்காரனின் பிள்ளைக்குப் பள்ளியைத் தவிர வேறு துணை ஏது? ஆசிரியர் மறைத்த திறவுகோலை அவன் எங்கே தேடுவான்?

ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயரில் 1990களின் இறுதியில் ஏறத்தாழ 300 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி 16 வாரங்கள் கற்பித்துச் சோதித்தனர். ஒலிகளைத் தொடக்கமுதலே கூட்டிப் படித்த பிரிவு மற்ற இரண்டையும் முந்தியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதியாக இருந்ததும் அந்தப் பிரிவிலேதான்! அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் 2000 இல், ஒலிமுறையை ஒழுங்காகக் கற்பிப்பதே பயன் தருகிறது என்று அறிக்கை தந்தது. சொல்வளமும் பொருளுணர்வும் உடன் வளர வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. ஜிம் ரோஸ் 2006 இல் தந்த அறிக்கையை ஏற்று இங்கிலாந்து ஒலிமுறைக்கு மாறியது. 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட சோதனையையும் கொண்டுவந்தது. அவற்றுள் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. ஏன்? பொருளற்ற சொல்லை ஊகிக்க முடியாது. எழுத்தை அறிந்தவனே அதைப் படிக்க முடியும்.

கல்வி வரலாற்றின் இந்த ஏட்டில் சென்னைக்கும் இடமுண்டு. 1789 முதல் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797 இல் நூலாக்கி இங்கிலாந்துக்கும் அறிவித்தார். விரல் எழுதக் கற்றது நம் திண்ணையில். ஆனால் அதே திண்ணையில் நாக்கு எதை ஓதியது? 'ஆனா, ஆவன்னா' என்று பெயரைத்தானே! 'அட' என்னும் சொல்லை 'ஆனா, டானா' என்று ஓதினால் குழந்தைக்கு என்ன விளங்கும்?

எழுத்து என்றால் முதலில் ஒலி, பிறகே வரிவடிவம் என்பதைத் தமிழ் இலக்கணம் தொல்காப்பியக் காலத்திலேயே அறிந்திருந்தது. எந்த ஒலி உதட்டில் பிறக்கிறது, எது பல்லில் பிறக்கிறது என்று வகுத்துரைத்த மொழி நம்மொழி. அந்த அறிவை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டச் செய்வதே நம் கடமை. இடர்கள் இல்லாமல் இல்லை. 'கெ' என்பதில் குறி முன்னே நிற்கிறது, அதன் ஒலி பின்னே வருகிறது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றைப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 இல் ஏற்றது. 13 எழுத்துக்களின் தனி வடிவங்கள் நீங்கின. குழந்தையின் சுமையில் அவ்வளவு குறைந்தது.

இளைஞர்களே! படிப்பகங்களிலும் மாலை வகுப்புகளிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வருகிறவர்கள் நீங்கள். பெயரை ஓதவிடாதீர்கள், ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். 'ம்' என்பதோடு 'அ' சேர்ந்தால் 'ம' என்று காட்டுங்கள். கேட்ட சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தடுமாறும் பிள்ளைக்கு விடையைச் சொல்லாதீர்கள். படத்தைக் காட்டி ஊகிக்கவும் விடாதீர்கள். எழுத்தின்மேல் விரலை வைத்துக் காத்திருங்கள். முன்பு கண்டிராத ஒரு சொல்லை அவன் தானே கூட்டிப் படிக்கும் நாள் வரும். அன்று முதல் அவனுக்கு ஏட்டைப் படித்துச் சொல்ல இன்னொருவன் தேவையில்லை.