சதுரங்கப் பேரெண்ணும் அதன் காரணிகளும்

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு மணியும், அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டித்த மணிகளும் இட்டால், 64 கட்டங்களின் தொகை 18446744073709551615 ஆகும். இதன் பெருக்கத்தை வியந்தோர் பலர். இயல்பை ஆராய்ந்தோர் சிலரே.

கி. பி. 1000-ஐ ஒட்டி இயற்றிய காலக்கணிப்பு நூலில் அல்பிரூனி இத்தொகையைப் பிழையின்றித் தந்துள்ளார். அவர் 64 எண்களையும் கூட்டி இடர்ப்பட்டாரல்லர். ஐந்தாங் கட்டத்து 16-ஐத் தன்னாற் பெருக்க ஒன்பதாங் கட்டத்து 256. அவ்வாறே 17-ஆம் கட்டத்து 65536. பின்னர் 33-ஆம் கட்டத்து 4294967296. மீண்டும் பெருக்கின், பலகையில் இல்லாத 65-ஆம் கட்டத்து எண். அதில் ஒன்று குறைப்பின் முழுத்தொகை. (ஒன்று குறையாது எழுதுவாரும் உளர், அது தொகையன்று.)

இவ்வர்க்க நெறியே காரணிகளையும் காட்டுகின்றது என்பது எம் துணிபு. ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தது, அதன் மூலத்தினும் ஒன்று குறைந்ததும் ஒன்று மிக்கதுமாகிய இரண்டன் பெருக்கம் அன்றோ? இங்ஙனம் படிப்படியாகப் பகுப்பின் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் ஆறும் வெளிப்படும். முதலைந்தும் பகாவெண்கள். ஆறாவதும் அதன்பின் வருவனவும் அவ்வாறே என 1640-இல் பெர்மா கருதினார்; நிறுவினாரல்லர். 1732-இல் ஆய்லர், ஆறாவது 641, 6700417 ஆகியவற்றின் பெருக்கமெனக் காட்டினார். அதன் காரணி எதுவும் 64-இன் மடங்கினும் ஒன்று மிக்கதாதல் வேண்டுமெனப் பின்னர் அவரே நிறுவினார். அவ்வடிவிலமைந்த பகாவெண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாம் வகுத்தலிலேயே வீழ்ந்திருக்கக்கூடிய கொள்கை 92 ஆண்டுகள் நின்றது! அவ்வரிசையில் 65537-க்கு மேற்பட்ட பகாவெண் ஒன்றேனும் இன்றுகாறும் காணப்பட்டிலது.