வருமானம்

'வா' என்னும் வினையின் 'வரு' என்ற வடிவத்தோடு, பெறுமானம், கட்டுமானம் ஆகியவற்றிற் காணும் 'மானம்' என்னும் விகுதி சேர்ந்து பிறந்த இச்சொல், ஒருவரிடம் வந்து சேரும் பொருளைக் குறிக்குமேயன்றி, அவர் முன்னரே ஈட்டி வைத்த ஆஸ்தியைக் குறிப்பதன்று. இப்பேதம், ஆஸ்திரேலிய அரசாங்கம் முதியோர்க்கு அவர்தம் இல்லத்திலேயே அளிக்கும் பராமரிப்பில் விசேஷ முக்கியத்துவம் உடையது: 2014 ஜூலை முதல் தேதி தொடங்கிச் சேர்ந்தோர்க்கு, குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கருதாது, வருமானத்தை மட்டுமே கணித்துக் கட்டணம் விதிக்கப்பட்டது; முழு ஓய்வூதியம் பெறுவோர்க்கு அது இருக்கவில்லை. 2025 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்த புதிய திட்டமோ, மருத்துவப் பணிவிடைக்கு ஏதும் வாங்காமல், ஏனைய சேவைகளுக்கு வருமானத்தோடு ஆஸ்தியையும் சேர்த்து நோக்கிப் பங்குத்தொகை பெறுகிறது. ஆகவே, இப்புதிய பங்குத்தொகையை 'வருமானக் கட்டணம்' என வழங்குதல் பொருந்தாது.