சர்வர் இல்லாத மெசஞ்சர்: விஸ்பரிலிருந்து வாக்கு வரை



போன வாரம் கேண்டீனில் ஒரு நண்பன் கேட்டான்: "சர்வரே இல்லாத மெசஞ்சர்னு சொல்றாங்களே, நான் அனுப்பறப்ப உன் போன் ஆஃப்ல இருந்தா அந்த மெசேஜ் எங்கடா இருக்கும்?" பதில் தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன் :-) பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது.

கதாநாயகன் 'ஸ்டேட்டஸ்' என்ற செயலி. (நாம் வாட்ஸ்அப்பில் வைக்கும் ஸ்டேட்டஸ் அல்ல!) அரட்டையும் எத்தீரியம் வாலட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. தொடங்கியவர்கள் ஜாரட் ஹோப், கார்ல் பெனட்ஸ். 2017 ஜூனில் டோக்கன் விற்று சுமார் 3 லட்சம் ஈதர் திரட்டினார்கள். வாங்க வந்த கூட்டத்தில் எத்தீரியம் நெட்வொர்க்கே திணறிப் போனது.

அரட்டைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 'விஸ்பர்'. எத்தீரியத்தின் ஆரம்பகாலக் கனவில், கணக்குக்கு ஒரு பிளாக்செயின், கோப்புகளுக்கு 'ஸ்வார்ம்', செய்திக்கு விஸ்பர் என்று மூன்று இருந்தன. விஸ்பர் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, "சாவி வைத்திருப்பவர் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்" என்று சொல்வது போல! யார் யாருக்கு எழுதினார் என்று கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஊர் பெரிதாகப் பெரிதாக, எல்லோர் வீட்டிலும் அடுத்தவர் கடிதம் குவியும். குப்பைச் செய்திகளைத் தடுக்க, அனுப்பும்போதே போன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். டேட்டாவும் போச்சு, பேட்டரியும் போச்சு.

என் நண்பனின் கேள்விக்குப் பதில் இங்கேதான். விஸ்பரில் ஒரு செய்தி சிறிது நேரமே உயிரோடிருக்கும். அதனால் ஆஃப்லைனில் இருப்பவருக்காகச் செய்திகளைச் சேர்த்து வைக்க 'மெயில்சர்வர்' வந்தது. பின்வாசல் வழியாக சர்வர் உள்ளே வந்துவிட்டது பார்த்தீர்களா? செய்தியின் உள்ளடக்கத்தை அதனால் படிக்க முடியாது. ஆனால் எந்த ஐபி முகவரி எப்போது வந்து கேட்கிறது என்பது அதற்குத் தெரியும்.

2019 டிசம்பரில், விஸ்பரைச் செப்பனிடும் முயற்சியாக 'வாக்கு' அறிவிக்கப்பட்டது. (தேர்தல் வாக்கு அல்ல!) முதல் பதிப்பு விஸ்பரின் கிளைதான்: தனக்கு வேண்டிய தலைப்புச் செய்திகளை மட்டும் போன் கேட்டு வாங்கலாம். இரண்டாம் பதிப்பில் அடித்தளமே மாறி, லிப்பிடுபி என்ற நூலகத்தின் மேல் கட்டினார்கள். சேமிப்பது, வடிகட்டித் தருவது, போனுக்குப் பதிலாக அனுப்பிவிடுவது என்று வேலைகள் தனித்தனி நெறிமுறைகளாயின. வலுவான கணினி அதிகச் சுமையைத் தூக்கும், போன் கொஞ்சம் தூக்கும்.

வாலட் பக்கமும் இதே கதைதான். போனுக்குள்ளேயே எத்தீரியத்தின் லைட் கிளையண்டை ஓட்டிப் பார்த்தார்கள். அது சிரமமாக இருந்ததால், இன்ஃபுரா என்ற நிறுவனத்தின் சர்வர்கள் வழியாக பிளாக்செயினைப் படிக்கும் வழிக்கு மாறினார்கள். வேறு பல வாலட்களும் அதே வாசலில்தான் நின்றன. 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபுரா சில மணி நேரம் பழுதானபோது, மெட்டாமாஸ்க் பயன்படுத்தியவர்கள் பலர் தவித்துப் போனார்கள். எத்தீரியம் நிற்கவில்லை, ஆனால் அதைப் பார்க்கும் ஜன்னல் மூடிக்கொண்டது!

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். மையம் இல்லை என்று அறிவித்துவிட்டால் சுமை காணாமல் போய்விடாது. யாராவது அதைச் சுமந்தே ஆக வேண்டும். நம் போன் சுமந்தால் பேட்டரி போகும். அடுத்தவர் சுமந்தால் அவர் கையில் கொஞ்சம் அதிகாரம் போகும். அந்த அதிகாரத்தை எவ்வளவு சிறிதாக்கலாம், எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதற்குத்தான் இத்தனை மாற்றங்களும்.

எனவே அடுத்த முறை 'டிசென்ட்ரலைஸ்டு' என்று யாராவது சொன்னால், "சரி, சுமப்பது யார்?" என்று கேளுங்கள். நண்பனுக்கும் பதில் சொல்லிவிட்டேன். டீ அவன் கணக்கில் :-)